மலைநாட்டு வீட்டுத்தோட்டத்துல கரட், கோவா, லீக்ஸ் போடுறது எப்படி: உயரம், மழை, மண்ணு பார்த்து செய்யுற முழு வழிகாட்டி

மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரே கரட் விதை பக்கெட்ட பிரிச்சு மூணு வீட்டுல போட்டோம். ஒண்ணு நுவரெலியா பக்கம் கந்தப்பளையில சித்தப்பா வீடு, ஒண்ணு ஹட்டன் பக்கம் எங்க வீடு, இன்னொண்ணு பதுளையில அக்கா வீடு. ஒரே வாரத்துல போட்ட ஒரே விதைதான். சித்தப்பாவுக்கு நாலு மாசம் கிட்ட எடுத்துச்சு, ஆனா நல்ல செஞ்சிவப்பா இனிப்பா நீளமா வந்துச்சு. எங்களுக்கு மூணரை மாசத்துல பரவாயில்லாம வந்துச்சு. அக்கா வீட்டுல இலை மட்டும் காடு மாதிரி வளந்து, புடுங்கிப் பார்த்தா கிழங்கு குட்டையா, வெளிர் மஞ்சளா, கொஞ்சம் கசப்பா இருந்துச்சு. அக்கா தன்னோட கைராசிதான் சரியில்லன்னு ரொம்ப கவலப்பட்டாங்க. கைராசிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, பதுளை சூடுதான் காரணம், அதுவும் அவங்க போட்ட மாசம் ஏப்ரல்.

இத எழுதுறதுக்கு காரணமே அதுதான். நம்ம இலங்கை வெப்ப நாடு, ஆனா கரட், கோவா (முட்டைக்கோஸ்), லீக்ஸ், பீட்ரூட், நோக்கோல் (நூல்கோல்), சலாது (லெட்டூஸ்) எல்லாம் குளிர் நாட்டுப் பயிரு. 1848ல சாமுவேல் பேக்கர்னு ஒரு ஆங்கிலேயர் நுவரெலியாவுல குடியேறி ஐரோப்பிய மரக்கறி பயிர் செஞ்சு பார்த்தாருன்னு சொல்லுவாங்க, அதுக்குப் பிறகு அந்த மலையே மரக்கறி மலையாகிப்போச்சு. ஆனா விதை பக்கெட்டுல எழுதியிருக்குறது இன்னமும் வெளிநாட்டு கணக்குதான். வசந்த காலத்துல போடுங்க, இலையுதிர் காலத்துல எடுங்கன்னு இருக்கும். நமக்கு எங்க இருக்கு வசந்த காலம்? நம்ம குளிரு மலை உயரத்துல இருக்கு, நம்ம பருவம் மழையில இருக்கு. இந்த ரெண்டையும் பிடிச்சிட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி, மீதி பாதி மண்ணு.

முதல்ல உங்க வீடு எவ்வளவு உயரத்துல இருக்குன்னு பாருங்க

கடல் மட்டத்துல இருந்து ஒவ்வொரு 100 மீற்றர் மேல ஏறும்போதும் சுமாரா 0.6 பாகை சூடு குறையும். கொழும்புல வருச சராசரி 27, 28 பாகை, 1868 மீற்றர் உயரத்துல இருக்குற நுவரெலியாவுல 16 பாகை அளவுதான். ஹட்டன் 1271 மீற்றர், அப்புத்தளை 1400க்கு மேல, பண்டாரவளை 1200க்கு கொஞ்சம் மேல, பதுளை 680 அளவு, கண்டி 500 அளவு. மலைநாட்டு ரயில் பாதையில நிறைய ஸ்டேஷன் பலகையில உயரம் அடியில எழுதியிருக்கும், அத 3.28ஆல வகுத்தா மீற்றர் வந்துடும். ஃபோன்லயும் பார்க்கலாம். ஸ்டேஷன்ல இருந்து உங்க தேயிலைத் தோட்டத்து டிவிஷன் (பகுதி) மேல இருக்கா கீழ இருக்கான்னு அதுக்கு ஏத்த மாதிரி கூட்டிக் கழிச்சுக்கங்க, ஒரே தோட்டத்துலயே மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் 300 மீற்றர் வித்தியாசம் இருக்கும், அது ரெண்டு பாகை சூடு, கோவாவுக்கு அது சின்ன விஷயம் இல்ல.

1500 மீற்றருக்கு மேல இருக்குறவங்க குளிர் மரக்கறி எல்லாத்தையும் வருசம் முழுக்க போடலாம், உங்களுக்கு தொல்லை மழையும் பனியும்தான். 1000ல இருந்து 1500 வரைக்கும் இருக்குறவங்களுக்கு எல்லாம் வரும், ஆனா மார்ச், ஏப்ரல் சூட்டுல சலாது, கோலிபிளவர் மாதிரி நோஞ்சான் பயிர தவிர்க்கணும். 1000க்கு கீழ இருக்குறவங்க நவம்பர்ல இருந்து பெப்ரவரி வரைக்கும் உள்ள குளிர்ச்சிய விடவே கூடாது, வகையும் பார்த்து வாங்கணும். உங்களுக்கு கடைசியில தனியா எழுதியிருக்கேன்.

இன்னொரு விஷயம், நம்ம ஊருல பகல் நேரம் வருசம் முழுக்க கிட்டத்தட்ட 12 மணித்தியாலம்தான், பெரிசா மாறாது. அதனால வெளிநாட்டுல இருக்குற சொந்தக்காரங்க அனுப்புற நீண்ட பகல் வெங்காய விதை எல்லாம் இங்க கிழங்கு கட்டாது, தாள் மட்டும்தான் வரும். விதை கெட்டதுன்னு நெனச்சுடாதீங்க.

மழையப் பார்த்து மாசத்த முடிவு பண்ணுங்க

மேற்குப் பக்கம், அதாவது ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவ, தலவாக்கலை பக்கம், மே மாசக் கடைசியில இருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேற்கு மழை சாத்து சாத்துன்னு சாத்தும். ஜூன், ஜூலையில நாலு நாள் வெயிலே முகம் காட்டாது. அந்த நேரத்துல விதை போட்டா விதை அடிச்சிட்டு போகும், நாத்து அழுகும். ஜனவரில இருந்து மார்ச் பாதி வரைக்கும் வறட்சி. நான் செய்யுறது என்னன்னா ஜனவரி கடைசி, பெப்ரவரில நாத்து போட்டு பீலித் தண்ணி (ஊத்துத் தண்ணி) ஊத்தி வளத்து மே கடைசிக்குள்ள எடுத்துடுவேன், அப்புறம் ஆகஸ்ட் கடைசியில நாத்து மேடை போட்டு செப்டெம்பர்ல நட்டு டிசம்பர்ல எடுப்பேன். நடுவுல ஜூன், ஜூலையில லீக்ஸ் மட்டும் நிக்கும், அது மழைய தாங்கும்.

ஊவா பக்கம் கணக்கு தலைகீழ். பதுளை, பண்டாரவளை, வெலிமடை பக்கம் ஜூன்ல இருந்து செப்டெம்பர் வரைக்கும் காத்து அடிச்சு மண்ண காய வச்சிடும், மழை ஒக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும்தான் நல்லா வரும். அதனால ஒக்டோபர் மழை பிடிச்சு நாலு நாள் கழிச்சு போடுறது நல்லது. ஹட்டன்ல இருக்குற மாமியார் சொன்னாங்கன்னு பண்டாரவளை மருமக அதே மாசத்துல போடக்கூடாது.

இடமும் பாத்தியும்

புது வீட்டுத் திட்டத்துல 7 பேர்ச் காணி கிடைச்சவங்க நிறைய பேர் இருக்கோம். வீடு, கக்கூஸ், பாதை போக மிச்சம் இருக்குறது ரெண்டு பேர்ச்சோ மூணோ. ஒரு பேர்ச் சுமார் 25 சதுர மீற்றர், அதுவே போதும், ரெண்டு பேர்ச்ச ஒழுங்கா பார்த்தா நாலஞ்சு பேர் உள்ள வீட்டுக்கு இலை மரக்கறி கடையில வாங்க வேண்டி வராது. லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருக்குறவங்க முன்னாடி இருக்குற துண்டு நிலத்துலயும் உரப்பையிலயும் செய்யலாம்.

வெயில்தான் முதல். ஒரு நாளைக்கு அஞ்சாறு மணித்தியாலமாவது நேர் வெயில் படணும், நம்ம பக்கம் மத்தியானத்துக்கு மேல மூடுபனி இறங்கிடும்ங்கிறதால காலை வெயில் படுற கிழக்குப் பக்கத்த விட்டுடாதீங்க. டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரத்துக்கு கிட்ட போடவே வேணாம், வேரு எல்லாத்தையும் உறிஞ்சிடும். சவுக்கு (கிரவில்லியா) மரம் பரவாயில்ல, கிளைய மட்டும் வெட்டி விட்டா போதும்.

சரிவான நிலத்துல பாத்திய சரிவுக்கு குறுக்கால போடணும், மேல இருந்து கீழ நோக்கி போடவே கூடாது. நிறைய பேர் தண்ணி வடியட்டும்னு நேர் கீழ போடுறாங்க, ஒரு மே மாச மழைக்கு மேல் மண்ணு பூரா ஆத்துக்கு போயிடும், அந்த மண்ண திரும்ப உண்டாக்க நம்ம ஆயுசு காணாது. தேயிலை மலையில கான் வெட்டி வச்சிருக்காங்களே, அதே வேலைதான். பாத்திக்கு மேல் பக்கம் ஒரு சின்ன கான் வெட்டி லேசா ஒரு பக்கம் சரிச்சு விட்டா வர்ற தண்ணி பாத்திக்குள்ள இறங்காம ஓரமா போயிடும். பாத்தி ஓரத்துல கல்லு அடுக்குங்க, இல்லாட்டி சேரைப் புல்லு (லெமன்கிராஸ்) வரிசையா நட்டு விடுங்க, ரசத்துக்கும் டீக்கும் ஆகும். ஒரு முக்கியமான விஷயம், வீட்டுக்குப் பின்னாடி செங்குத்தா இருக்குற மண் திட்ட பாத்திக்காக வெட்டி இறக்காதீங்க. மண்சரிவு பயம் உள்ள இடத்துல கோவா நாலு கூடுறதுக்காக திட்டு அடிய தோண்டுறது உயிரோட விளையாடுற வேலை.

பாத்தி அகலம் மூணு அடி, ரெண்டு பக்கமும் நின்னு கை எட்டணும். உயரம் முக்கால் அடி. நடுவுல நடக்குறதுக்கு ஒரு அடி பாதை. பாத்தி மேல ஒருக்காலும் ஏறி மிதிக்காதீங்க, பிள்ளைங்களுக்கும் சொல்லி வைங்க.

தேயிலை மண்ணோட புளிப்பு

இத யாருமே சொல்றதில்ல, ஆனா நம்ம பக்கம் வீட்டுத்தோட்டம் தோத்துப் போறதுக்கு பாதி காரணம் இதுதான். நம்ம வீடு இருக்குற நிலம் அநேகமா பழைய தேயிலை நிலம். தேயிலைக்கு புளிச்ச மண்ணு பிடிக்கும், பிஎச் (புளிப்பு அளவு, எண் குறைஞ்சா புளிப்பு கூட) 4.5ல இருந்து 5.5 வரைக்கும் இருந்தா அதுக்கு சந்தோசம். அதோட தோட்டத்துல வருசக்கணக்கா போட்ட உரமும் மண்ண இன்னும் புளிக்க வச்சிருக்கும், மழை வேற சுண்ணாம்புச் சத்த கழுவிக்கிட்டே இருக்கும். கோவா, பீட்ரூட், லீக்ஸ், சலாது எல்லாத்துக்கும் 6ல இருந்து 6.8 வேணும். புளிச்ச மண்ணுல எவ்வளவு எரு போட்டாலும் செடி எடுக்காது, பீட்ரூட் இலை செவந்து அப்படியே நிக்கும், வளரவே வளராது. இன்னொண்ணு, கோவா குடும்பத்துக்கு வர்ற வேர் வீக்க நோய் புளிச்ச ஈர மண்ணுலதான் தலைவிரிச்சு ஆடும்.

இதுக்கு மருந்து டோலமைட், ஒரு வகை சுண்ணாம்புக் கல்லுத் தூள். விலை அதிகமில்ல, உரக்கடையில கிடைக்கும். ஒரு சதுர மீற்றருக்கு 200 கிராம், அதாவது பெரியாள் கையால நாலஞ்சு பிடி. மண்ண ஃபோர்க் முள்ளு வச்சு முக்கால் அடி ஆழத்துக்கு குத்தி புரட்டிட்டு, டோலமைட்ட தூவி நல்லா கலந்து, ரெண்டு மூணு வாரம் விடணும். மழை இல்லன்னா தண்ணி தெளிங்க. டோலமைட் போட்ட அன்னைக்கே எருவோ யூரியாவோ போடாதீங்க, எருவுல இருக்குற நைதரசன் வாயுவா பறந்து போயிடும், அந்த ரெண்டு வாரம் இடைவெளி அதுக்கும்தான். வருசத்துக்கு ஒரு தடவை போட்டா போதும், ரெண்டாம் வருசம் பாதி அளவு. முடிஞ்சா விவசாயத் திணைக்களத்து ஆட்கள்கிட்ட மண்ண கொடுத்து பரிசோதிச்சு பாருங்க, 1920க்கு கோல் எடுத்தா யார்கிட்ட போகணும்னு கேட்டுக்கலாம்.

அடுப்புச் சாம்பலும் புளிப்ப குறைக்கும், பொட்டாசியமும் கொடுக்கும். மிலாறு (கவ்வாத்து வெட்டின தேயிலைக் குச்சி), விறகு எரிச்ச சாம்பல்னா நல்லது, பொலித்தீன் எரிச்ச சாம்பல் வேணாம். சதுர மீற்றருக்கு ஒரு பிடிதான், டோலமைட் போட்ட இடத்துல அத விட குறைவா. உருளைக்கிழங்கு போடப்போற பாத்திக்கு மட்டும் டோலமைட்டும் சாம்பலும் வேணாம், அது கொஞ்சம் புளிச்ச மண்ண தாங்கும், சுண்ணாம்பு கூடினா தோலு சொறி பிடிச்ச மாதிரி ஆகிடும்.

எரு

2021ல இரசாயன உரத்த நிப்பாட்டினப்போ எங்க பக்கம் எல்லாரும் திடீர்னு கூட்டெரு தேடி அலைஞ்சாங்க, அன்னைக்குதான் மாடு வச்சிருக்குற வீட்டோட அருமை தெரிஞ்சுச்சு. கூட்டெரு நீங்களே செய்யலாம். மானாப்புல்லு, ரோட்டோரத்துல மஞ்சளா பூக்குற காட்டு சூரியகாந்தி இலை, சமையல் கழிவு, தேயிலைச் சக்கை, மாட்டுச் சாணி, கொஞ்சம் மண்ணு, இத எல்லாம் மாத்தி மாத்தி மூணு அடி உயரத்துக்கு அடுக்கி மேல பொலித்தீனோ சாக்கோ போட்டு மூடுங்க. காட்டு சூரியகாந்தி சீக்கிரம் மக்கும், சத்தும் அதிகம், பூக்குறதுக்கு முன்னாடி வெட்டிப் போடுறது நல்லது. மிலாற போடாதீங்க, வருசம் போனாலும் மக்காது. கீழ் நாட்டுல ரெண்டு மூணு மாசத்துல ஆகுற கூட்டெரு நம்ம குளிருல நாலஞ்சு மாசம் எடுக்கும், அதனால இப்பவே தொடங்கணும். மூணு வாரத்துக்கு ஒருக்கா புரட்டுங்க, மழையில நனையாம பாருங்க.

பச்சைச் சாணியும் பச்சைக் கோழி எருவும் நேரா போடக்கூடாது, வேரு கருகிடும், கரட் கவட்டை கவட்டையா பிரியும். நல்லா மக்கின எருன்னா சதுர மீற்றருக்கு ஒரு சின்ன வாளி.

விதையும் நாத்தும்

கரட், கோவா, லீக்ஸ், பீட்ரூட் விதை பெரும்பாலும் வெளிநாட்டுல இருந்துதான் வருது, காரணம் அந்தச் செடிங்க பூத்து விதை கட்டணும்னா வாரக்கணக்கா நல்ல குளிரு படணும், நம்ம குளிரு அதுக்கு பெரும்பாலும் காணாது. அதனால விதைய வீட்டுல எடுத்துக்கலாம்னு நெனக்காம பக்கெட்டுல திகதி பார்த்து வாங்குங்க. ஒரு கடையில எனக்கு லீக்ஸ் விதை குறைஞ்ச விலைக்கு கொடுத்தாங்க, போட்டதுல பத்துல ரெண்டுதான் முளைச்சுச்சு, ஒரு மாசம் வீணாப்போச்சு. லீக்ஸ், வெங்காய விதை ஒரு வருசத்துக்கு மேல நம்பக்கூடாது, கரட் ரெண்டு மூணு வருசம், கோவா நாலு வருசம் கூட நிக்கும். சந்தேகம்னா 10 விதைய ஈர டிசுவுல சுத்தி ஒரு டப்பாவுல வைங்க, பத்து நாள்ல ஆறுக்கு குறைவா முளைச்சா புதுசு வாங்குங்க.

நாத்து போடுறதுக்கு யோகட் கப்பே போதும், அடியில மூணு ஓட்டை போட்டு கூட்டெருவும் மண்ணும் பாதி பாதி கலந்து நிரப்புங்க. அதுக்கு முன்னாடி அந்த மண்ணு மேல கொதிக்கிற தண்ணி ஊத்தி ஆற விடுங்க, நாத்தழுகலுக்கு அது பெரிய காவல். விதைய நெருக்கி போடாதீங்க. தண்ணி காலையில மட்டும், சாயங்காலம் ஊத்தினா இரவு முழுக்க ஈரமா நின்னு தண்டு அடியில கருத்து சாஞ்சிடும். மழைக்கு மேல ஒரு பொலித்தீன் கூரை, பக்கவாட்டுல காத்து போகணும். கோவா நாத்துக்கு மூணு நாலு வாரம், லீக்ஸுக்கு ரெண்டு மாசம் கிட்ட. நடுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி கூரைய எடுத்து வெயில் காட்டிப் பழக்குங்க.

ஒவ்வொண்ணா பார்க்கலாம்

கரட்டத்தான் எல்லாரும் கேக்குறாங்க, 2024 ஜனவரியில கிலோ 1000 ரூபாயையும் தாண்டிப் போனதுக்குப் பிறகு ரொம்பவே கேக்குறாங்க. கரட்ட நாத்து விட்டு நடக்கூடாது, பாத்தியிலேயே நேரா விதைக்கணும், புடுங்கி நட்டா வேர் வளைஞ்சு கோணலா வரும். மண்ணு ஒரு அடி ஆழத்துக்கு கல்லு இல்லாம தூளா இருக்கணும், எங்க வீட்டுல பிள்ளைங்க கல்லு பொறுக்கியே ஒரு நாள் போச்சு. முக்கால் அடிக்கு ஒரு கோடு கிழிச்சு, அரை இஞ்ச் ஆழத்துல, விதைய காஞ்ச மணலோட கலந்து தூவுங்க. மேல நைசா மண்ணு மூடி, காஞ்ச புல்லோ ஈரச் சாக்கோ போட்டு, ஒவ்வொரு நாளும் தெளிங்க. முளைக்க 8ல இருந்து 14 நாள் எடுக்கும், அதுக்குள்ள ஒரு தடவை மேல் மண்ணு காஞ்சாலும் போச்சு. முளை தெரிஞ்ச அன்னைக்கே சாக்க எடுத்துடணும். ரெண்டு இஞ்ச் உயரம் வந்ததும் நெருக்கத்த பிடுங்கி விடணும், இதுலதான் மனசு வராது, எனக்கும் முதல்ல வரல, எல்லாத்தையும் விட்டு வச்சேன், கடைசியில எல்லாமே விரல் தடிப்புலதான் வந்துச்சு. ரெண்டு மூணு இஞ்சுக்கு ஒண்ணு நிக்கட்டும். தோள்பட்டை மண்ணுக்கு மேல தெரிஞ்சா மண்ணு அணைச்சு விடுங்க, இல்லாட்டி பச்சையாகி கசக்கும். 90ல இருந்து 110 நாள், கந்தப்பளை மாதிரி உயரத்துல இன்னும் கொஞ்சம் கூட.

லீக்ஸ் பொறுமை உள்ளவங்களுக்கு. நாத்து பென்சில் தடிப்பு வந்ததும் ஒரு குச்சியால அரை அடி ஆழத்துக்கு ஓட்டை போட்டு உள்ள இறக்குங்க, மண்ணு தள்ளி மூட வேணாம், தண்ணி ஊத்தினா அதுவே மூடிக்கும். அஞ்சாறு இஞ்சுக்கு ஒண்ணு. வளர வளர மண்ணு அணைச்சாதான் வெள்ளைத் தண்டு நீளமா வரும். உரப்பையிலயும் அருமையா வரும், பாதி வரைக்கும் மண்ணு போட்டு நட்டுட்டு மாசா மாசம் மண்ணு கூட்டிக்கிட்டே வாங்க.

கோவாவுக்கு ஒன்றரை அடி இடைவெளி. நட்டு மூணு வாரத்துல ஒரு தடவை, தலை கட்டத் தொடங்குறப்போ ஒரு தடவை எரு வைக்கணும். தலை கட்டினதுக்குப் பிறகு தண்ணி ஒரே சீரா போகணும், ரெண்டு வாரம் காயப்போட்டு திடீர்னு ஊத்தினா தலை வெடிச்சிடும். நட்டு 75ல இருந்து 90 நாள். தலைய வெட்டினதும் அடித்தண்ட விட்டு வச்சா பக்கத்துல சின்னச் சின்ன தலை வரும், சுண்டலுக்கு ஆகும்.

புதுசா தொடங்குறவங்க நோக்கோல்ல தொடங்குங்கன்னுதான் நான் சொல்லுவேன். நட்டு 45, 50 நாள்ல கையில காய். தோடம்பழ அளவுல வெட்டிடணும், அதுக்கு மேல விட்டா நார் விழும். இலையையும் வீசாதீங்க, நைசா அரிஞ்சு தேங்காய்ப்பூ போட்டு சுண்டினா கோவா இலைய விட ருசி. முள்ளங்கியும் அதே மாதிரி சீக்கிரம்.

பீட்ரூட் விதை ஒண்ணுன்னு நெனக்கிறது உண்மையில மூணு நாலு விதை ஒட்டின கொத்து, ராத்திரி ஊற வச்சு போட்டு, முளைச்சதும் ஒண்ண மட்டும் விட்டு மத்தத பிடுங்கணும். நாலு இஞ்ச் இடைவெளி, ரெண்டரை மூணு மாசம். சலாது விதைக்கு வெளிச்சம் வேணும், மண்ணு மூடாம மேல தூவி லேசா அமுக்கினா போதும்.

உருளைக்கிழங்கு போடுறவங்க ஒரு விஷயத்துல கவனமா இருக்கணும். கண்ட கண்ட உருளைத் தோட்டத்துல இருந்து மண்ணோ மண்ணு ஒட்டின கிழங்கோ கொண்டு வராதீங்க. நுவரெலியா மாவட்டத்துல உருளையத் தாக்குற வட்டப்புழு மண்ணுலயே வருசக்கணக்கா உயிரோட கிடக்கும், ஒருக்கா வந்தா போகாது. நல்ல விதைக்கிழங்கு வாங்கி, முளை அரை இஞ்ச் வந்ததும் நட்டு, செடி வளர வளர மண்ணு அணைங்க. வெயில் பட்டு பச்சையான கிழங்கு விசம், சமைக்காதீங்க.

பனி

கந்தப்பளை, நுவரெலியா, அம்பேவெல பக்கம் ஜனவரி, பெப்ரவரில மேகமே இல்லாம வானம் தெளிவா இருக்குற ராத்திரியில உறைபனி விழும். லீக்ஸ், கோவா, கரட் தாங்கும். உருளை, போஞ்சி, தக்காளி ஒரே ராத்திரியில கருகிடும். சாயங்காலம் காத்து அசையாம குளிரு ஏறுதுன்னா பாத்திக்கு மேல மிலாறு குத்தி சாக்கு போட்டு மூடுங்க, இலையில சாக்கு படக்கூடாது. காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி சித்தப்பா வீட்டுல தண்ணி தெளிச்சு பனிய கரைச்சு விடுவாங்க.

பூச்சியும் நோயும்

கோவா, நோக்கோல் இலையில சின்னச் சின்ன ஜன்னல் மாதிரி ஓட்டை தெரிஞ்சா அது வைரமுதுகு அந்துப்பூச்சியோட புழு. காஞ்ச மாசத்துல அதிகம். இதுக்கு கடைக்காரங்க மருந்து மேல மருந்தா கொடுப்பாங்க, அந்தப் புழு மருந்துக்கு பழகிப்போற புழு, அடிச்சு அடிச்சு நம்ம பிள்ளைங்கதான் அந்த மருந்த திங்கும். நான் பழைய நுளம்பு வலைய மூங்கில் வளைச்சு அதுக்கு மேல போட்டு ஓரத்துல கல்லு வச்சிடுறேன். நட்ட அன்னைக்கே போடணும், புழு வந்த பிறகு போட்டா உள்ள அடைச்சு வளத்த மாதிரி ஆகிடும். கோவாவுக்கு தேனி வரத் தேவையில்லங்கிறதால அறுவடை வரைக்கும் வலை இருக்கலாம்.

காலையில பார்க்கும்போது நாத்து வெட்டிப் போட்ட மாதிரி படுத்திருந்தா வெட்டுப்புழு. பக்கத்து மண்ண விரலால கிளறினா சுருண்டு கிடக்கும், எடுத்து கோழிக்கு போடுங்க. நடும்போதே அடி வெட்டின யோகட் கப்ப நாத்தச் சுத்தி பதிச்சு விட்டா நெருங்காது. மழை மாசத்துல நத்தை வரும், ராத்திரி டோர்ச் அடிச்சு பொறுக்கணும், பாத்தி ஓரத்துல ஈரப் பலகை ஒண்ண போட்டா காலையில அடியில ஒட்டிக்கிட்டு இருக்கும். உப்பு போடாதீங்க, மண்ணு கெடும்.

கோவா மத்தியானத்துல வாடி ராத்திரி நிமிர்ந்து, அப்படியே வளராம நின்னா பிடுங்கி வேர பாருங்க. வேரு இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கியிருந்தா அதுதான் வேர் வீக்க நோய். செடிய மண்ணோட தோண்டி எரிச்சிடுங்க, கூட்டெருவுல போடக்கூடாது. அந்தப் பாத்தியில கோவா, நோக்கோல், முள்ளங்கி, கடுகு எதுவும் வருசக்கணக்கா வேணாம், டோலமைட் போட்டு லீக்ஸ், கரட், போஞ்சி போடுங்க. யார் வீட்டுல இருந்தாவது கோவா நாத்து இலவசமா கிடைச்சா கூட வேர கழுவிப் பார்க்காம நடாதீங்க, அந்த நோய் மண்ணோடதான் வரும்.

நோய் இல்லாட்டியும் ஒரே பாத்தியில ஒரே குடும்பத்த திரும்பப் போடக்கூடாது. கோவா குடும்பம், அப்புறம் போஞ்சி, அப்புறம் கரட் அல்லது பீட்ரூட், அப்புறம் லீக்ஸ், இப்படி மாத்திக்கிட்டே போங்க. உருளையும் தக்காளியும் ஒரே குடும்பம், அதனால மழையில ரெண்டுக்கும் ஒரே கருகல் நோய்தான் வரும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்காதீங்க.

1000 மீற்றருக்கு கீழ இருக்குறவங்களுக்கு

வகைதான் முதல். கரட்டுல நியூ குரோடா சூட தாங்கும், கோவாவுலயும் வெப்ப நாட்டுக்குன்னு வர்ற கலப்பின வகைய கேட்டு வாங்குங்க. சலாது விதைய ஈர டிசுவுல சுத்தி ரெண்டு நாள் ஃபிரிட்ஜ்ல கீழ் தட்டுல வச்சு எடுத்துப் போடுங்க, சூட்டுல அது உறங்கிக்கிடக்கும், குளிரு காட்டினா முழிச்சுக்கும். மத்தியான வெயிலுக்கு மட்டும் மேல நிழல் வலையோ தென்னோலையோ போடுங்க, காலை வெயில் படட்டும். மண்ணு மேல ரெண்டு இஞ்ச் தடிப்புக்கு காஞ்ச புல்லு பரப்பினா வேருக்கு குளிர்ச்சி. கோலிபிளவர், லீக்ஸ் ரெண்டையும் கடைசியா முயற்சி பண்ணுங்க, முதல்ல நோக்கோல், முள்ளங்கி, பீட்ரூட்.

அக்காவுக்கு அதையேதான் சொன்னேன். ஏப்ரல விட்டுட்டு போன நவம்பர்ல பாத்திய ஒரு அடி கொத்தி, டோலமைட் போட்டு, நியூ குரோடா விதைச்சு, புல்லு பரப்பி விட்டாங்க. பெப்ரவரி கடைசியில ஃபோட்டோ அனுப்பினாங்க, சித்தப்பா வீட்டு கரட் அளவுக்கு நீளம் இல்ல, ஒரு சாண் இருக்கும், ஆனா நல்ல செஞ்சிவப்பு. இப்ப அதே பாத்தியில போஞ்சி ஏறிக்கிட்டு இருக்கு, ஒக்டோபர் மழை வந்ததும் அங்க நோக்கோல் நடணும்னு நாத்துக்கு யோகட் கப் சேர்க்கத் தொடங்கிட்டாங்க.